கிளாக்கர் ஏற்ற பிழை

கிளிநொச்சியில் எங்கள் உதைபந்தாட்டக் குழுவுக்கு மைதானம் பதிவது என் பொறுப்பு. மைதானப் பதிவேட்டை வைத்திருந்த கிராமச் சங்கக் கிளாக்கர் ஒடிசலான மனிதர். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் திருப்பித் தந்துவிடுவார்.

ஒருமுறை விண்ணப்பம் கொடுக்கவே மறந்துவிட்டேன். போட்டியன்று காலையில், அந்த நாளுக்கு மைதானத்தைப் பதிந்திருந்த கூத்துக்காரர் மைதான நடுவில் மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். முல்லைத்தீவுக் குழுவோ லொறியில் புறப்பட்டுவிட்டது. ஓடிப்போய்க் கிளாக்கரிடம் சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கூத்துக்காரரிடம் போனவர், அரை மணியில் திரும்பினார்.

“மேடையை மைதானக் கரையிலை கட்டுவினம். போய் விளையாடுங்கோ.”

“என்னெண்டு ஐயா சம்மதிச்சவை?”

“உங்கடை விண்ணப்பத்தைப் பதிய நான்தான் மறந்துபோனன் எண்டு சொன்னனான். நல்லாய் ஏசினவை.”

நான் மைதானத்துக்கு ஓடினேன். பின்னேரம் ஆட்டம் நடந்தது. அவருக்கு அன்று சொல்லாத நன்றியை இன்றும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.