கடையில் குண்டு கிடைக்காத துப்பாக்கி

இன்று தை மாதம் பதினொன்றாம் நாள். எனக்கு எண்பத்து மூன்று வயதும் நான்கு மாதங்களும் ஆகின்றன. இந்த வயதில் விடியற்காலையில் தொலைபேசி ஒலித்தால், யார் என்றுதான் கேட்க வேண்டும். என்ன என்று கேட்க வேண்டியதில்லை. போன வாரம் அப்படி ஒலித்தது. மங்கலம்பேட்டையிலிருந்து கமாலுதீனின் மூத்த மகள் பேசினாள். "கெமிஸ்ட்டம்மா, அத்தா மௌத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

முழங்கால் இடம் கொடுக்காததால் நான் போகவில்லை. போய்வந்தவர்கள் என் வீட்டுக்கு வந்து, இறந்தவரைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அந்த ஈயக்குண்டுக் கதையையே மறுபடியும் சொல்லிச் சிரித்தார்கள். பாதி ஆயுளுக்கும் மேலாக நான் கேட்டுச் சலித்த கதை அது. அவரை அறிந்தவர்களுக்காக நானே அதை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். பிறகு என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அறுபதுகளின் பிற்பகுதியில், விருத்தாசலத்துச் செராமிக் நிலையம் ஒன்றில் நான் வேதியியலாளராக இருந்தேன். முதுகலை படித்த பெண்ணை எப்படி அழைப்பது என்று அங்கே எவருக்கும் விளங்கவில்லை. 'கெமிஸ்ட்டம்மா' என்று பெயர் வைத்துச் சிக்கலைத் தீர்த்தவர் கமால்பாய். களிமண் கிண்ணங்களுக்குப் பிளாஸ்டர் அச்சு செய்வது அவர் வேலை. மகான் அல்லர். ஊர்வம்பு அவ்வளவும் அவரிடம் கிடைக்கும். பீடிச் சாம்பலை என் ஆய்வகக் குடுவையில் தட்டுவார். கேட்டால், "இதுல என்னா இருக்குதுன்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்களேன்" என்பார்.

பல வருடங்களாக அவர் தினக்கூலிதான். அந்த ஆண்டு தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் கோப்பு கிளம்பியது. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்து ஆட்களைப் பார்த்துக் கையெழுத்திடுவார். விடுபட்டவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கமால்பாய்க்கு வீட்டில் வரிசையாகப் பெண்பிள்ளைகள். வேறு தொழிலும் தெரியாது.

எங்கள் மேலாளரிடம் வேட்டைக்கான உரிமம் இருந்தது; துப்பாக்கி இல்லை. இன்றைய வனவிலங்குச் சட்டம் அப்போது வரவில்லை. வரப்போகும் அதிகாரிக்கு மான்கறி என்றால் உயிர் என்று மேலாளருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"பாய், சின்ன வயசுல நீங்க குறி தப்பாதவராமே! கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் கடலைக்காட்டுல மான் எறங்குது. நல்ல துப்பாக்கியா, விலை கம்மியாப் பாருங்க. நீங்களே சுடுங்க, உசுரு போறதுக்குள்ள ஓதி நீங்களே அறுங்க, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. உங்க ஃபைலும் என் மேசையிலதான் இருக்குது, தெரியுமில்ல?"

"தெரியுங்க" என்றார் கமால்பாய்.

தோட்டா போடும் துப்பாக்கி மேலாளரின் கைக்கு எட்டாது. ஆகவே குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்துச் சுடும் பழைய வகையைத் தேடினார்கள். கடலூர்க் கடையில் புதிதாக ஒன்று இருந்தது. விலையைக் கேட்டதும் மேலாளர் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மங்கலம்பேட்டை இரும்புக் கடைக்காரரிடம் இருந்தது மிக மலிவு. கமால்பாய் அதன் பின்புறத் துளையைத் தடவிப் பார்த்தார். "இது மானச் சுடாதுங்க. சுடறவன் மூஞ்சியத்தான் சுடும்."

மூன்றாவது துப்பாக்கி நல்லூரில் கிடைத்தது. மண் மாதிரி எடுக்க நானும் அதே ஜீப்பில் போயிருந்தேன். நிலக்காரர் ஒருவர் பரண்மேலிருந்து ஒரு பழைய துப்பாக்கியை இறக்கினார். குழலின் உட்புறத்தில் புரி வெட்டியிருந்தது. அப்படிப்பட்ட குழலில் குண்டு இறுக்கமாகப் பொருந்தினால்தான் நேராகப் போகும்.

"உள்ளதச் சொல்லிடறேன் பாய்" என்றார் நிலக்காரர். "இந்தக் குழலு அளவுக்கு எந்தக் கடையிலயும் குண்டு கெடைக்காது. அதனாலதான் இந்த வெலைக்குத் தரேன்."

"அப்ப எதுக்குய்யா? மான் மேல தூக்கி எறியவா?" என்றார் மேலாளர்.

உள்ளேயிருந்து நிலக்காரரின் மனைவி குரல் கொடுத்தார்: "குடுத்துத் தொலைங்க. எலி குட்டி போடத்தான் ஆவுது அது."

கமால்பாய் என் மாதிரிப் பையிலிருந்து ஈரமண்ணைக் கிள்ளிக் குழலின் வாயில் அழுத்தி எடுத்தார். பதிந்த அளவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையே வாங்கிடுங்க. குண்ட நான் வார்த்துக்கறேன். அச்சு பண்றவன் வூட்டுல குண்டுக்குப் பஞ்சமா?"

அதிகாரி வரும் நாளன்று விடியலில் நடந்ததை ஜீப் ஓட்டுநர் சொல்லித்தான் நிலையம் முழுவதும் அறிந்தது. "மருந்தக் கொட்டனாரு. துணிய வெச்சாரு. குண்ட வெச்சாரு. எறங்கல! கம்பியால இடிக்கறாரு, இடிக்கறாரு, கழுத்துலயே நிக்குது. ரெண்டு மான் நின்னு வேடிக்க பாக்குதுங்க. மேனேஜரு வாயில வந்ததெல்லாம் திட்டறாரு. பாய் சொல்றாரு, 'நம்ம மண்ணு சூளையில சுருங்குமேன்னு எல்லாத்தையும் பெருசாப் பண்ணியே பழக்கங்க. ஈயத்தையும் பெருசாப் பண்ணிட்டேன்.'"

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. காய்ந்து வெந்ததும் கிண்ணம் சிறுத்துவிடும் என்பதால் அச்சை எப்போதும் பெரிதாகவே வெட்டுவோம். ஈயம் அப்படிச் சுருங்குவதில்லை. அதிகாரிக்குக் கோழிக்கறி கிடைத்தது. கதையைக் கேட்டு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இப்படித் தொழில் கையில ஊறிப்போன ஆளத்தான்யா அச்சுல வெச்சிருக்கணும்" என்று கையெழுத்திட்டார். மேலாளருக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கமால்பாய் நிரந்தரமானார். 'பெரிய குண்டு பாய்' என்ற பெயரும் நிரந்தரமாயிற்று.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். தன்னைப் பார்த்துப் பிறர் சிரிக்கும்போது திருத்தாமல் இருக்கும் பொறுமை. எனக்கு அது இயல்பாக வருவதில்லை, பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. "நான் இருக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்று அவர் கேட்டிருந்தார். இப்போது திறக்கலாம்.

வேட்டைக்கு முந்தின நாள் மதியம் அவர் வார்த்த குண்டுகளைக் காலிப்பரால் அளந்தவள் நான். நல்லூர்த் துப்பாக்கியின் குழலுக்கு அவை கச்சிதமாக இருந்தன. மறுநாள் காட்டுக்குப் போனவை, அதற்குப் பிறகு அவர் பெரிதாக வார்த்த வேறு குண்டுகள். கையெழுத்து விழுந்த அன்று ஆய்வகத்துக்கு அழைத்துக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"வலது கண்ணு போயி ரெண்டு வருஷமாவுது கெமிஸ்ட்டம்மா. இடது கண்ணுல கிட்ட இருக்கறது மட்டும் மங்கலாத் தெரியும். நாப்பதடி தள்ளி நிக்கறது மானா மேனேஜரான்னு தெரியாது. முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. சுட்டுத் தப்புனா கண்ணப் பாப்பாங்க. அச்சுல தப்புனா சிரிப்பாங்க. அதான், கடையில குண்டு கெடைக்காத துப்பாக்கியாத் தேடுனேன்."

கண் தெரியாத அச்சுக்காரரை எந்த அதிகாரியும் நிரந்தரமாக்கியிருக்க மாட்டார். அவர் ஓய்வு பெறும்வரை காலிப்பரின் மெல்லிய கோடுகளை நான் படித்துச் சொன்னேன். அவர் விரலால் தடவித் தடவி அச்சை வெட்டினார். ஒரு கிண்ணம்கூட அளவு தப்பவில்லை.