பென்னாகரத்தில் நான் திருத்திய பலகை

1986 மே மாதம், பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்த கையோடு ஒகேனக்கல் போனேன். சேலத்தில் நான் தமிழாசிரியர். பத்து நாளாக அடுத்தவர் பிழையைச் சுழித்துச் சுழித்துக் கை பழகிப்போயிருந்தது. அந்தப் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் அருவியை மட்டும் சொல்வேன். வழியில் சாப்பிட்டதைச் சொல்ல வெட்கம். இன்றுதான் எழுதுகிறேன்.

தருமபுரியில் காலை 7.10க்குப் பேருந்து, டிக்கெட் மூன்று ரூபாய். முப்பது கிலோமீட்டர் தாண்டி பென்னாகரம் சேர்ந்தபோது 8.20. "இருவது நிமிசம் நிக்கும். டிபன் சாப்புடறவங்க சாப்புட்டு வாங்க" என்றார் நடத்துனர்.

எதிரே ஓர் ஓட்டல். வாசலில் தனி அடுப்பு, பக்கத்தில் கரும்பலகை: 'மெக்சிகோ சோள ரொட்டி, ஒன்று 75 காசு'. அடுப்பருகே நாற்பது வயதுப் பெண், பெயர் ஸ்டெல்லா. "அண்ணன் ஓட்டலுங்க. எனக்கு இன்னிக்கிதான் மொத நாளு. இந்த முப்பது ரொட்டி வித்தாத்தான் அடுப்ப எனக்கு வுடுவாரு" என்றார்.

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏம்மா, அது மெக்சிகோ இல்ல, மக்கா. மக்காச்சோளம்" என்றேன், உரக்க. வாத்தியார் என்றும் சொல்லிக்கொண்டேன். பலகையை உள்ளங்கையால் துடைத்து, குண்டு குண்டாக 'மக்காச்சோள ரொட்டி' என்று எழுதினேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு.

பின்னால் வந்தவர்கள் படித்தார்கள். "மாட்டுக்குப் போடறதுல ரொட்டியா?" என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டே எல்லோரும் உள்ளே இட்லிக்குப் போய்விட்டார்கள்.

பாவமாக இருந்ததால் நான் ஒன்று வாங்கினேன். மடித்த ரொட்டிக்குள் மசித்த மொச்சை, நறுக்கிய தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், மேலே எலுமிச்சை பிழிந்திருந்தது. அப்படியொரு ருசி. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன்.

"கான்வென்ட்ல மெக்சிகோ சிஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்க. ஆறு வருசம் அவங்களுக்குச் சமைச்சனுங்க. சோளத்தச் சுண்ணாம்புத் தண்ணில வேக வெச்சு அரைக்கோணும்னு அவங்கதான் காட்டிக் குடுத்தாங்க. மொச்ச மட்டும் நம்மளதுங்க."

முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

"வாத்தியாருன்னு சொன்னீங்க. நாந்தான் தப்பா எழுதிட்டேனாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க. மெக்சிகோவ எப்பிடி எழுதறதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "ஒரு க் வுட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி, 'மெக்சிக்கோ' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டேன். அவர் நன்றி வேறு சொன்னார்.

மாலை 5.30க்குத் திரும்பி வந்தபோது வாசல் அடுப்பில் அண்ணன் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா உள்ளே மேசை துடைத்துக்கொண்டிருந்தார். பேருந்து கால் மணி நேரம் நின்றது. நான் இறங்கவில்லை.

போகிறவர்களுக்கு: தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். காலையிலேயே கிளம்பினால் வெயிலுக்கு முன் பரிசல் ஏறலாம். வழியில் புதிதாக ஏதாவது கிடைத்தால், பெயரைத் திருத்துவதற்கு முன் தின்று பாருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 'க்' விட்டுப்போகவே இல்லை. அவர் எழுதியிருந்தது சரி.