பக்கம் திரும்பாத நூற்றாண்டு மலர்

கம்ப்யூட்டருக்குள் வண்ண விளக்கு எரிந்தால் அது வேகமாக ஓடும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, நாலு பேருக்கு விளக்கமும் சொன்னேன். எதிர்க்கடை பேனர்காரரின் பெட்டியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி எரியும். அவர் ஆளுயரத் தலைவர்களைக்கூடக் கண்மூடித் திறப்பதற்குள் இடமிருந்து வலமாக நகர்த்திவிடுவார். என் பெட்டியில் எரிந்தது ஒரே ஒரு பச்சைப் பொட்டு. எனக்கு ஒரு பக்கம் திரும்புவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். காரணம் விளக்குதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் எனக்கு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், விழா மலர் எல்லாவற்றுக்கும் இங்கே பக்கம் கட்டிக் கடலூரில் உள்ள அச்சகத்துக்கு அனுப்புவேன். அந்த வாரம் கையில் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலர். ஞாயிற்றுக்கிழமை விழா. வெள்ளி மதியத்துக்குள் அச்சகத்தில் கொடுக்காவிட்டால் மிஷின் வேறு வேலைக்குப் போய்விடும். பிறகு மலர் இல்லாமல்தான் விழா.

பக்கம் கட்டும் லேஅவுட் மென்பொருளோ அசைய மறுத்தது. ‘வாழ்த்துரை’ என்று அடித்தால் ‘வா’ மட்டும் வரும். மற்ற எழுத்துகள், கல்யாணத்துக்குக் கடைசி பஸ்ஸில் வந்து சேரும் சொந்தக்காரர்கள் மாதிரி, சாவகாசமாக ஒவ்வொன்றாக இறங்கும். அதுவரை என்னால் உட்கார முடியாது. எழுவேன், வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து மின்விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைப்பேன், திரையை முறைப்பேன், மறுபடி வாசல்.

“ஏங்க, கம்ப்யூட்டரு ஓடலன்னு நீங்க ஓடுறீங்களா?” என்றாள் பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த என் மனைவி.

புதன்கிழமை காலை, மலருக்குப் பொறுப்பான தமிழாசிரியை போன் செய்தார். “சார், கமிட்டியில எல்லாரும் புதுச்சேரில குடுத்துடலாம்னாங்க. நான் ஒருத்திதான் உங்களுக்குன்னு நின்னேன். முடிஞ்சிடும்ல?”

“முடிஞ்ச மாதிரிதான் டீச்சர்” என்றேன். அப்போது மூன்றாவது பக்கத்திலிருந்து நான்காவது பக்கத்துக்குப் போக முயன்றுகொண்டிருந்தேன்.

போனை வைத்ததும் ஒயர்களைப் பிடுங்கி, பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

“என்னா சார், ஆட்டுக்குட்டியா?” என்றார் கண்டக்டர்.

“கம்ப்யூட்டருங்க. ஒடம்பு சரியில்ல.”

“மடியிலயே வச்சிக்கங்க. சீட்டுல வச்சீங்க, அதுக்கும் டிக்கெட்டு.”

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் நூற்றாண்டு மலர் மொத்தமும் உள்ளே உதிர்ந்துவிட்டதாகவே பட்டது. போர்வையில் காதை வைத்துக் கேட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.

மனைவியின் தம்பி திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருக்கிறான். உள்ளே நுழைந்ததும் நான் நலம்கூட விசாரிக்கவில்லை.

“மச்சான், இருக்கறதுலயே நல்ல கிராபிக்ஸ் கார்டா ஒன்னு போடு. லைட்டு எரியணும்.”

“பக்கம் கட்றதுக்கு அது எதுக்கு மாமா? கேம் ஆடப் போறீங்களா?”

“எதிர்க்கடக்காரர் வச்சிருக்காருல்ல?”

“அவரு கேம்தான் ஆடுறாரு. நாந்தான் வித்தேன்.”

“அப்ப ரேம்?”

“உங்க வேலைக்கு இருக்கறதே ஜாஸ்தி.”

“புராசஸர்?”

“அதுக்கு போர்டையே மாத்தணும். வெள்ளிக்கெழமைக்குள்ள ஆவாது. ஹார்ட் டிஸ்க்கு பழசா இருக்கு, அதான் இழுக்குது. எஸ்எஸ்டின்னு புது மாதிரி டிஸ்க்கு, அதப் போட்டுக்குவோம். செத்த ஒரு எடத்துல ஒக்காருங்க மாமா, கடைக்கு வர்றவுங்க பயப்புடுறாங்க.”

உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே ரேமும் ஒன்று வாங்கினேன். வேண்டாம் என்று அவன் சொன்னதாலேயே அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் பழைய டிஸ்க்கை உள்ளேயே விட்டு, பக்கத்தில் புது டிஸ்க்கை மாட்டி, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, மென்பொருளையும் போட்டு, வெறும் பக்கங்களாக நூறு உண்டாக்கிக் காட்டினான். தட்டத் தட்டப் பறந்தன. மவுஸ் வாங்க வந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

வியாழன் காலை என் கடையில், பழைய டிஸ்க்கில் இருந்த மலரை எடுத்துத் திறந்தேன். தலைமையாசிரியரின் வாழ்த்துரை முழுவதும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் குப்பையாய்க் கிடந்தது. அதில் பயமில்லை. புது டிஸ்க்கில் ஃபான்ட், அதாவது எழுத்துரு, இல்லை, அவ்வளவுதான். பழைய தமிழ் ஃபான்ட்கள் ஒவ்வொன்றுக்கும் எழுத்துகளின் இருப்பிடம் வேறு வேறு. எந்த ஃபான்ட்டில் அடித்தார்களோ அது இருந்தால்தான் தமிழ் தமிழாகத் தெரியும். அதனால் எங்கள் தொழிலில் வந்த ஃபான்ட்டை யாரும் அழிப்பதில்லை. புவனகிரி கல்யாண மண்டபத்துக்காரர் ஒரு ஃபான்ட்டில் கொண்டுவருவார், கீரப்பாளையம் மஞ்சள் நீராட்டு இன்னொன்றில் வரும். வந்ததையெல்லாம் உள்ளே போட்டுக்கொள்வோம். ஆயிரக்கணக்கில் சேர்த்திருந்தேன், அதில் பெருமையும் உண்டு. பழைய டிஸ்க்கில் இருந்த அத்தனையையும் ஒரே பிடியாகப் பிடித்துப் புது டிஸ்க்கில் ஏற்றினேன். சாப்பிட்டு வருவதற்குள் ஏறியிருந்தன.

‘வாழ்த்துரை’ என்று அடித்துப் பார்த்தேன். ‘வா’ வந்தது. நின்றது.

மச்சானைப் போனில் கூப்பிட்டேன். “டேய், நீ குடுத்தது டூப்ளிகேட்டுடா! திரும்பப் படுத்துக்கிச்சு.”

“இங்க பறந்துச்சா இல்லியா மாமா? அப்புறம் அதுல என்னா போட்டீங்க?”

“ஒன்னும் போடல. ஃபான்ட்டு மட்டுந்தான்.”

“எவ்ளோ?”

“எல்லாம்.”

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. கடையில் இருந்த மற்றவர்களிடமும் சொல்லியிருப்பான் போலிருக்கிறது, அவர்கள் சிரிப்பும் கேட்டது. “அத்தினியையும் அந்த சாஃப்ட்வேரு தூக்கிக்கிட்டு அலையணுமா மாமா? எனக்கே நேத்து தோணல. தூக்குங்க மொதல்ல.”

தூக்குவதாவது! நான் மறுபடி வாசலுக்கும் மேசைக்குமாக நடக்க ஆரம்பித்தேன்.

“மலருக்கு எத்தினி ஃபான்ட்டு?” என்று கேட்டாள் மனைவி.

“நாலு.”

“மிச்சம்?”

“கஸ்டமருங்களுது. என்னிக்காச்சும் வருவாங்க.”

“பழைய டிஸ்க்குலதான் இருக்குல்ல? வர்றன்னிக்குப் போட்டுக்கலாம். நகருங்க.”

என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஃபான்ட்களை நீக்க ஆரம்பித்தாள். நான் தோளுக்குப் பின்னால் நின்று முணுமுணுத்தேன்.

“ஐயோ, அது வேணாம். அது குமராட்சி வளைகாப்பு!”

“அந்தக் கொழந்தையே இப்ப பள்ளிக்கூடம் போவுது. தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க.”

நாலு மட்டும் மிஞ்சியது. மீதிப் பக்கங்களைச் சாயங்காலத்துக்குள் கட்டி முடித்தோம். மலர் வெள்ளிக்கிழமை காலையிலேயே அச்சகத்துக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை, சந்தேகம் தீராமல், புது ரேமையும் புது டிஸ்க்கையும் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்க்கிலேயே ஓட்டிப் பார்த்தேன். ஃபான்ட்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, அந்த நாலைத் தவிர மற்றதைப் பழைய டிஸ்க்கிலிருந்தும் நீக்கினேன். மென்பொருள் திறக்கத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது. பக்கம் உடனே திரும்பியது.