சீரம் பூசிக்கொண்டு மருந்தடிக்கப் போகலாமா?

ஈப்போவில் ஒரு பார்மசியில் முகச் சீரம் விற்பது என் வேலை. இன்று காலை ஒரு பெண்மணி வந்து நின்றார். முகமெல்லாம் சுருக்கம், கன்னத்தில் கருந்திட்டு.

"வாங்க பாட்டி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மகளப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் பாட்டின்னுதான் கூப்பிட்டாங்க. அடுத்த மாசம் நிச்சயம். போட்டோவுல அம்மா மாதிரி தெரியணும்லா."

வெட்கத்தை மறைக்க, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். வெயிலும் புகையும் ரசாயனமும் உடம்பில் ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருக்கும். அவை தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜனைச் சிதைக்கும். இதிலுள்ள வைட்டமின் சி ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட், அவற்றை ஓரளவு அடக்கும்.

கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நான் பத்து காஜா பக்கம் செம்பனைத் தோட்டத்துல புல்லுக்கு மருந்தடிக்கிறேன். இதப் பூசிட்டுப் போனா தாங்குமா?"

பயிற்சியில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

"வெயில்ல போகாம இருந்தா நல்லதும்மா."

"வேலைக்குப் போகாமயா?"

ஆனாலும் சின்னப் புட்டி ஒன்று வாங்கினார். கடையின் உறுப்பினர் அட்டைக்காக அவருடைய ஐசி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். வயது நாற்பத்து மூன்று. என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

"வாரேன் தங்கச்சி" என்று சொல்லிப் போனார். நான் திருத்தவில்லை.

என் முகத்தைக் காட்டித்தான் தினமும் இந்தச் சீரத்தை விற்கிறேன். உண்மையில் இந்த முகத்தைக் காப்பாற்றியது கடையின் ஏர்கான். அதைப் புட்டியில் அடைத்துத் தோட்டத்துக்கு அனுப்ப யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்லா.