இல்லாத இன்டர்வியூ

போன வருடம் செமஸ்டர் லீவுக்கு, மலேசியாவில் பகாவ் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் எஸ்டேட் வீட்டுக்கு வந்திருந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் நாலு நாளாகத் தூங்கவில்லை. தண்ணீரில் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று, அம்மா பிடித்து வைத்ததையெல்லாம் கொட்டிக்கொண்டே இருந்தான். தானும் குடிக்கவில்லை, உதடு வெடித்துக் கிடந்தது. கிளினிக் டாக்டரிடம் ஓடினேன். இன்றைக்கே மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

"எப்படிடி கூப்பிடுறது? வரவே மாட்டானே" என்று அம்மா அழுதார்.

காலேஜ் படிக்கிற திமிர் எனக்கு. "நான் பாத்துக்கிறேன்லா மா, சும்மா இருங்க."

அண்ணனுக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. "அண்ணே, டவுன்ல ஒரு ஃபேக்டரியில இன்டர்வியூ. இன்னைக்கே வரச் சொல்றாங்க" என்று அடித்துவிட்டேன்.

அவ்வளவுதான். தாடியை மழித்தான். வெள்ளைச் சட்டையை அவனே தேய்த்துப் போட்டான். நான் ஓட்டிய காரில், சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் மலாயில் பதில் சொல்லிப் பழகினான். எனக்கோ ஐடியா பலித்த பெருமை.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவ உதவியாளர் தமிழர். பெயர் என்ன என்று அவர் கேட்டதும் அண்ணன் ஃபைலை நீட்டினான்.

"ராத்திரி தூக்கமெல்லாம் எப்படி?"

"அது பிரச்சினையே இல்ல சார். நைட் ஷிஃப்டும் செய்வேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். அண்ணன் சுவரில் இருந்த போர்டை மெதுவாகப் படித்தான்.

"இன்டர்வியூ இல்லையா, பாப்பா?"

அவன் ஓடப் பார்த்தான். மூன்று பேர் பிடித்தார்கள். "பயப்படாதீங்க தம்பி, இது ஆஸ்பத்திரி. ஊசி போடப் போறோம்." முன்பின் தெரியாத அவர்கள்தான் அன்று அவனிடம் உண்மை பேசினார்கள். பிடியில் சட்டைப் பட்டன் ஒன்று தெறித்துப் போனது.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். "மாத்திரையை வாங்கவே மாட்டேங்கிறாரு. என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?"

சொன்னேன்.

"தண்ணியைக்கூட நம்பாத மனுசன்மா அவரு. உங்க ஒருத்தரை நம்பி வந்திருக்காரு."

அண்ணன் இப்போது தேறிவிட்டான். போன மாதம் நிஜமாகவே ஒரு இன்டர்வியூ வந்தது. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேணாம்லா, பஸ்ல போய்க்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான். அதே வெள்ளைச் சட்டை, அம்மா தைத்த புதுப் பட்டன்.

'ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே, நான் கூடவே இருக்கேன்' என்று சொல்லியிருந்தால் அன்று வந்திருப்பானோ மாட்டானோ, தெரியாது. ஒரு தடவைகூட நான் கேட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.