மாசி முடியட்டும் என்ற மாணிக்கம்

கொத்மலைப் பக்கம் அணை கட்டித் தண்ணீர் தேக்கத் தொடங்கிய வருஷம் இது. எனக்கு எழுத்துத் தெரியாது. வருஷத்தை இப்படித்தான் சொல்வேன். தைப்பொங்கல் கழிந்த வாரம், லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலிக்கரைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, டவுன் ஆஸ்பத்திரியில் மாணிக்கம் காலமாகிவிட்டார் என்று சேதி வந்தது. எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

திம்புள்ளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் அவரை அறியாதவர் குறைவு. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மாசி மாதம் காமன் கூத்தில் ரதி வேஷம். அவர் தம்பி சுப்பையா மன்மதன். நான் தப்பு அடிப்பேன். மன்மதன் எரிந்தபின் மாணிக்கம் முந்தானையை வாயில் பொத்தி அழத் தொடங்கினால், பெரிய கங்காணி வீட்டம்மாவும் மூக்குச் சிந்துவார்.

மாவுக்குக் கியூவில் நின்ற பஞ்ச காலத்தில் அவர்களுடைய அப்பா இறந்தார். நீர் அடைத்துக்கொண்டது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். சிங்கள டாக்டர் நல்லவர். பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"இது சூடு இல்ல. ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழ வர்ற கான்சர். அப்பாவுக்கு வந்தா மகனுக்கும் வரலாம். சுருட்டு விடணும். கொழுப்புக் குறைச்சு, காய்கறி கூடச் சாப்புடணும். அப்புடிச் செஞ்சாலும் வராதுன்னு சொல்ல ஏலாது. அதனால அம்பது வயசுக்கிட்ட, ஒண்ணும் இல்லாதப்பவே வந்து காட்டணும்."

மாணிக்கம் தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும் சுருட்டைப் பற்றவைத்தார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு ஒருநாள், மாணிக்கம் மனைவியின் தொல்லை தாங்காமல் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். பெஞ்சில் இருக்கும்போது, உள்ளே போய் வந்த ஒருவர், பின்பக்கம் விரல் விட்டுப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்தேன்; பக்கத்தில் மாணிக்கம் இல்லை. பஸ்ஸில் இருந்தார்.

"என்னாப்பா, எறங்கு."

"நீங்க வேணும்னா போய்க் காட்டுங்கண்ணே. நான் ஆம்பளை."

"ஊரு முன்னாடி சேலை கட்டி ஆடுறப்ப அது தெரியலையா?"

"அது சாமி காரியம்."

மறுநாள் கவ்வாத்து மலையில் அந்த விரல் சோதனையை நடித்துக் காட்டினார். ஆட்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதன்பின் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

பிறகு இரவில் நீர் கழிக்க அடிக்கடி எழத் தொடங்கினார். தோட்டத்து டிஸ்பென்சரி மருந்து ஐயா டவுனில் சொல்லி, பரிசோதனைக்கு ஒரு தேதி வாங்கிக் கொடுத்தார். தேதி மாசியில் விழுந்தது. மாணிக்கம் மணிக்கட்டை நீட்டினார்; அதில் மஞ்சள் கயிறு.

"காப்புக் கட்டியாச்சுண்ணே. எல்லை தாண்டுனா சாமி குத்தம். மாசி முடியட்டும்."

காப்புக் கட்டினவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம்தான். மாசி முடிந்தது. பங்குனியில் கொழுந்து மலிந்துவிட்டது, வேலை அதிகம் என்றார். ஆடியில் மழை என்றார். மறுபடி மாசி வந்தது. சாமி கேட்டது ஒரு மாதம். இவர் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டார்.

முதுகெலும்பில் வலி வந்து படுத்தபின்தான் போனார். டாக்டர் எலும்புக்குப் பரவிவிட்டது என்றார். கடைசியாக நான் பார்த்தபோது கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பியை மட்டும் கூட்டிப் போயிருங்கண்ணே. அவன் என்னைப் பாத்துத்தான் சிரிக்கக் கத்துக்கிட்டான்" என்றார்.

அடக்கம் செய்த இடத்தில் அவருடைய சலங்கையை அவர் மனைவி மண்மேல் வைத்தார். நான் தப்பு அடித்தேன். முடிந்ததும் சுப்பையாவிடம் போனேன்.

"நாளைக்குப் போவோமா?"

"மாசி முடியட்டும்ண்ணே."

அந்த இடத்திலேயே அடித்திருப்பேன். தப்புக் குச்சி கையில்தான் இருந்தது.

"எந்த மாசி? ஒங்க வீட்டுல தீட்டு. இந்த வருஷம் ஒனக்குக் காப்புக் கெடையாது. எல்லை தொறந்து கெடக்கு."

சுப்பையா சலங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல் சட்டைப் பையிலிருந்த சுருட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

மாணிக்கம், போய் வாருங்கள். உங்கள் பேச்சை நம்பி இனி ஒரு நாளும் காத்திருக்க மாட்டேன். காலை முதல் பஸ்ஸுக்கு நிற்கப்போகிறோம், நானும், அந்த வீட்டு ஆண்களில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரே ஆள் சுப்பையாவும்.