ரவை ஒட்டாத மிருதங்கம்

தையில், லோஜினியின் அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் கழிந்ததும், அப்பாவின் மிருதங்க வகுப்பைத் திரும்பத் தொடங்கச் சொன்னவளே பக்கத்து வீட்டுச் சுலோஜனாதான். "மாஸ்டர், சும்மா இருந்து யோசிக்காதையுங்கோ. பிள்ளையளை வரச் சொல்லுங்கோ" என்று உள்ளே வந்து சொல்லிவிட்டுப் போனாள். வைகாசியில் அதே சுலோஜனா படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

"லோஜினி, சொல்லக் கூச்சமாக் கிடக்கு. எங்கட பெடியன் திலக்சனுக்கு ஏ.எல். சோதினை இது மூண்டாந்தரம். இதோட சரி, பிறகு யூனிவேர்சிற்றிக்கு எடுக்கமாட்டினம். அவன்ர மேசை உங்கட சுவரோட. மற்ற அறை பஸ் றோட்டுப் பக்கம்."

"அப்பாவை மெல்லமா வாசிக்கச் சொல்லுறன் அக்கா."

"மெல்லமாத்தான் வாசிக்கிறார், பாவம். அது காதுக்கு வாறேல்லைப் பிள்ளை, நெஞ்சுக்கு வருது. பெடியன் கணக்குச் செய்தால் பேனையே ஆதி தாளத்திலதான் எழுதுது."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த பிறகும் சுலோஜனா போகவில்லை.

லோஜினி பிறக்கமுன்பே அந்த வீட்டில் வகுப்பு நடந்தது. முறைப்பாடு என்று ஒன்று வாசல் ஏறியதை அவள் கண்டதில்லை. ஏன் என்று இப்போதுதான் யோசித்தாள். அம்மா பின்னேரங்களில் வேலியடியில் நின்று கதைத்தது, சோதினை மாதங்களில் அப்பாவுக்கே காரணம் சொல்லாமல் வகுப்பு நேரத்தை மாற்றியது, அயலில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பிள்ளைகளைப் படலையிலேயே திருப்பி அனுப்பியது, எல்லாம் வேலை. அதை இனி யார் செய்வது என்று அம்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்ல நேரமும் கிடைக்கவில்லை.

அப்பா ஆனந்தராசா மாஸ்டர் பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். குச்சவெளி தொடக்கம் மூதூர் வரை கோயில் மேடைகளில் யாருக்காவது பக்கவாத்தியம் வாசித்தவர். பேப்பரில் பேர் வந்ததில்லை. வரவேண்டும் என்று நினைத்ததும் இல்லை. அம்மா போன பிறகு எதைக் கேட்டாலும் "ஓம் பிள்ளை" என்பதுதான் பதில். சாப்பிட்டீங்களா என்றால் ஓம் பிள்ளை. சட்டியைத் திறந்தால் சோறு அப்படியே கிடக்கும். பின்னேரம் பிள்ளைகள் வந்து பாயில் இருந்தால் மட்டும் ஆள் நிமிர்வார். "என்ர மூஞ்சையைப் பாராதை. மூஞ்சையில ஒரு தாளமும் இல்லை." முழு வசனங்கள். அந்த நேரத்தை நம்பித்தான் அப்பா மிச்ச நாளைக் கடத்துகிறார் என்பது லோஜினிக்குத் தெரியும். வகுப்பு நின்றால் என்னவாகும் என்பதும் தெரியும்.

அவள் துறைமுகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பிரச்சினை என்றால் அளக்க வேண்டும், பிறகு திருத்த வேண்டும். போனில் சத்தத்தை அளந்தாள். இறங்குதுறையில் கழற்றிப் போட்ட ரப்பர்த் தகடுகளைக் கேட்டு வாங்கிவந்து சுவரில் பொருத்தினாள். பழைய மெத்தையை நிமிர்த்தி வைத்தாள். யன்னலை அடைத்தாள். பிள்ளைகளுக்கு வேர்த்துக் கொட்டியது. கூட வேலை செய்யும் இல்ஹாம் கிண்ணியாவுக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்த்தான்.

"தங்கச்சி, கீச்சுச் சத்தம் நிண்டுடும். கனத்த சத்தம் நிக்காது. சுவரும் ஒண்டு, மேல கூரை வளையும் ஒண்டு. நீங்க ரெண்டு வீடு எண்டு நினைக்கிறீங்க. சத்தத்துக்கு இது ஒரு வீடு."

சுலோஜனா சுவரில் தட்டவில்லை, கத்தவில்லை. அதுதான் கஷ்டம். வகுப்பு நேரத்தில் திலக்சன் புத்தகத்தோடு கிணற்றடி வெயிலில் நிற்பான்.

கனத்த சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது லோஜினிக்குத் தெரியும். வாசிக்கத் தொடங்குமுன் மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்பம் போல ஒட்டுவார்கள். தோலில் பாரம் ஏறினால் அதிர்வு மெதுவாகும். 'தொம்' என்ற ஆழம் அதில்தான் வருகிறது. சுவரைத் தாண்டுவதும் அதுதான்.

"அப்பா, கொஞ்ச நாளைக்கு ரவை ஒட்டாமப் பழக்குங்கோவன். திலக்சன்ர சோதினை முடியுமட்டும்."

அப்பா அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ஓம் பிள்ளை" என்றார்.

அது பலித்தது. திலக்சன் மேசைக்குத் திரும்பினான். சுலோஜனா ஒரு கோப்பை பாயாசம் கொண்டுவந்தாள், படலைக்கு உள்ளேயே வந்தாள்.

ஆவணியில் கோயில் திருவிழா. சாம்பல்தீவிலிருந்து வருகிற பவிசனா, அப்பாவிடம் ஆகக் கூடக்காலம் பழகிய பிள்ளை, ஒரு பாட்டுக்காரிக்கு வாசிக்க மேடை ஏறினாள். மேடையில் முறைப்படி ரவை ஒட்டினார்கள். அவளுடையதோ வெறுந்தோலில் பழகிப்போன கை. வெறுந்தோல் பேசாது. பேச வைக்க அவள் உள்ளங்கையை அழுத்தி அடிக்கப் பழகியிருந்தாள். முதல் 'தொம்' பாட்டை விழுங்கியது. பாடியவள் திரும்பிப் பார்த்தாள். பவிசனா பயந்து கையைக் குறைத்தாள். குறைத்த கை பிந்தியது. பிந்திய கை தாளத்தை விட்டது. அப்பா மணலில் முன்னுக்கு இருந்து துடையில் தாளம் போட்டுக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

பின்னால் யாரோ, "மாஸ்டருக்கும் வயசு போட்டுது. மனிசியும் இல்லை" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள்.

ஆட்டோவில் அப்பா தானாகவே பேசினார். "பிள்ளையில பிழை இல்லை. அவளின்ர கைக்கு நான் பொய் பழக்கிப்போட்டன்."

"நான்தானே அப்பா சொன்னனான்."

"நீ கேட்டனீ. ஓம் எண்டது நான்."

அடுத்த நாள் அவரே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து வகுப்பு இல்லை என்றார். காரணம் சொல்லவில்லை.

லோஜினி வேறு இடம் தேடினாள். கோயில் மண்டபத்தில் கலியாணங்கள். கடற்கரையில் உப்புக் காற்றுக்குத் தோல் இளகும். வாசிகசாலையில் கேட்டபோது பொறுப்பாளர் சிரித்தார். "வாசிக்கிற இடம்தான் தங்கச்சி. ஆனா இந்த வாசிப்பு இல்லை." வேறு வழியில்லாமல் சுலோஜனாவிடம் போனாள்.

"வகுப்பு நிண்டுட்டுது அக்கா. திலக்சன் படிக்கட்டும்."

சுலோஜனாவின் முகம் சுருங்கியது. "நான் நிப்பாட்டச் சொல்லேல்லையே. குறைக்கத்தானே சொன்னனான்."

"குறைச்சுப் பாத்தாச்சு அக்கா."

"ஐயோ. மாஸ்டரை வாசிக்கச் சொல்லுங்கோ. நான் இவனை எங்கையாவது அனுப்பிறன்."

"எங்கை?"

சுலோஜனா தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

அன்று பின்னேரம் வகுப்பு நேரத்துக்கு அப்பா குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, கதிரையில் வந்து இருந்தார். ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் தனியே இருக்கக்கூடாது என்றே லோஜினி அரைநாள் லீவு போட்டு வீட்டில் நின்றிருந்தாள். நின்று என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை.